மணிமேகலைக்காக அழுகிறவர்களுக்குப் பதில் எழுதுவது எப்படி?

பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாகவோ கிளைக்கதையாகவோ ரசிகர் புனைகதை எழுதத் தொடங்குகிறவர், பழையாறையில் தொடங்கினாலும் கோடிக்கரையில் தொடங்கினாலும், சில அத்தியாயங்களுக்குள் மணிமேகலையின் வீடான கடம்பூர் மாளிகையின் வாசலில் வந்து நின்றுவிடுகிறார். தீராத கணக்கு ஒன்று அங்கேதான் இருக்கிறது. அண்ணன் கந்தமாறன் சொல்லச் சொல்லக் கேட்டே, நேரில் பார்ப்பதற்கு முன்பாகவே வந்தியத்தேவனிடம் மனத்தைப் பறிகொடுத்தவள் மணிமேகலை. அவன் மனமோ சோழ இளவரசி குந்தவையிடம் இருக்கிறது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற பழி அவன்மீது விழாதிருக்கத் தானே கொன்றதாகச் சொல்லத் துணிந்து, பிறகு சித்தம் கலங்கி, ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயமான ‘மலர் உதிர்ந்தது’ என்பதில் அவள் மறைந்துபோகிறாள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடர் அந்த மரணத்தோடு நிற்கிறது. 2022இலும் 2023இலும் வெளிவந்த திரைப்படங்களில் அவளுக்கு இடமே இல்லை என்பதால், படம் பார்த்துவிட்டு நூலுக்கு வருகிறவர்கள் எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல் அவளைச் சந்தித்து, எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல் இழக்கிறார்கள்.

நீங்கள் அவளைப் பிழைக்க வைத்தோ, மறுபடி சாகவிட்டோ, குந்தவையை விட்டுக்கொடுக்க வைத்தோ ஒரு முக்கோணக் காதல் கதையை எழுதி வெளியிட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கதை எழுதும் முறையைப் பற்றி இங்கே நான் பேசப்போவதில்லை. நெஞ்சை உடைக்கும் அந்த யூடியை, அதாவது தொடரின் புதிய பகுதியை, போட்ட மறுநாள் காலை வந்து குவிந்திருக்கும் அழுகையையும் வசையையும் எப்படிப் படிப்பது, எதற்கு எப்படிப் பதில் எழுதுவது, எதற்காகக் கதையில் கைவைக்கலாம் என்பவை மட்டுமே இந்தக் குறிப்புகளில் உள்ளன.

முதல் நாள் யாருக்கும் பதில் எழுத வேண்டாம். இரவு பதினொரு மணிக்குப் படித்து முடித்தவர் பதினொன்று ஐந்துக்கு எழுதுவது உங்களுக்கான கடிதம் அன்று; அவர் உடைந்துபோன கணத்தின் சத்தம் அது. ‘ஆத்தரே, உங்களுக்கு இரக்கமே இல்லையா?’ என்னும் கேள்விக்கு அந்த நேரத்தில் நீங்கள் தரும் நியாயமான விளக்கம் எதுவும் விளக்கமாகப் போய்ச் சேராது. இரண்டு நாள் கழித்து அதே வாசகர் திரும்பி வந்து, தாம் எதற்காக அழுதார் என்பதைத் தாமே நிதானமாக எழுதுவதுண்டு. அந்த இரண்டாவது பதிலுக்காகக் காத்திருப்பது நல்லது. பாராட்டுக்கும் இதுவே பொருந்தும். ‘அழவைத்துவிட்டீர்கள்’ என்பதை உடனே வெற்றியாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டால், அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வாய்ப்பு போய்விடும்.

எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் முக்கியம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன இந்தப் பட்டியல், வாசகர் பதில்களைப் பிரிக்க இவ்வளவு உதவும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு தாளை நான்காக மடித்து, ஒவ்வொரு பதிலையும் அதற்குரிய கட்டத்தில் ஒரு வரியாகச் சுருக்கி எழுதுங்கள். நாற்பது பதில்கள் வந்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

இழவு என்பது உரியவரை இழப்பது. ‘அவள் செத்துவிட்டாள், என்னால் தாங்க முடியவில்லை’ என்று எழுதுகிறவர் இந்தக் கட்டத்தில் சேர்வார். இவருக்கு விளக்கம் தேவையில்லை, கூட இருந்தால் போதும். மரணத்தை ஏன் வைத்தீர்கள் என்று வாதாடாமல், அந்தக் காட்சியில் அவரை எந்த வரி நிறுத்தியது என்று கேளுங்கள். துக்க வீட்டுக்குப் போனவர் காரண காரியம் பேசுவதில்லை, போனவரைப் பற்றித்தான் பேசுவார், அதைப் போலத்தான் இதுவும்.

வறுமை என்பதற்கு இங்கே காசில்லாமை பொருளன்று. விரும்பிய இன்பத்தை நுகரப் பெறாமல் பற்று மட்டும் மிஞ்சிய உள்ளம் என்று உரையாசிரியர் பேராசிரியர் விளக்குகிறார். முக்கோணக் கதைகளுக்கு வரும் பதில்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து விழும். ‘ஒரே ஒரு முறை அவன் அவளை உண்மையாகத் திரும்பிப் பார்த்திருக்கலாமே’ என்று எழுதுகிறவருக்கு முடிவு மாற வேண்டும் என்ற ஆசைகூட இல்லை. வந்தியத்தேவன் குந்தவைக்கே உரியவன் என்பது அவருக்குத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியாராகக் குறிக்கும்போது, கதையாசிரியரால் அதிகம் புரட்டிவிட முடியாது என்பதும் தெரியும். அவர் கேட்பது ஒரு பார்வை மட்டுமே. இது கைக்கிளையின், அதாவது ஒருதலைக் காதலின், வலி. கைக்கிளையை எழுதத் தெரிந்தவருக்கு இந்தப் பதில்கள் குறை கூறுபவை அல்ல, கதை சரியான இடத்தில் தைத்திருக்கிறது என்பதற்குச் சான்றுகள். இவர்களுக்கு ‘அவன் பார்த்திருந்தால் அவள் இன்னும் அதிகமாகத் துன்பப்பட்டிருப்பாள்’ என்பது போன்ற புத்திசாலித்தனமான பதில்களை எழுதாதீர்கள். ‘எனக்கும் அப்படித்தான் தோன்றியது’ என்பது உண்மையாக இருந்தால் அதை எழுதுங்கள்.

அசைவு என்பது பழைய நிலை கெட்டு வேறொரு விதமாக ஆகி வருந்துதல். இதற்கு மணிமேகலையைவிடப் பூங்குழலி பொருத்தமான எடுத்துக்காட்டு. அருள்மொழிவர்மனிடம் மனத்தை வைத்த அந்த ஓடக்காரப் பெண் கடைசியில் சேந்தன் அமுதனை மணக்கிறாள். அவனே உத்தம சோழனாக முடிசூடுவதால் அரசியும் ஆகிறாள். உலகக் கணக்கில் இது ஏற்றம். ஆனாலும் அவளை மையமாக வைத்து ஒரு கதை எழுதிப் பாருங்கள். ‘கடலை விட்டு வந்தவள் அரண்மனையில் எப்படி மூச்சு விடுவாள்?’ என்று யாரேனும் ஒருவர் எழுதியே தீருவார். யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, இருந்தும் ஏன் அழுகிறார்கள் என்று புரியாமல் எழுத்தாளர் தடுமாறும் இடம் இது. மாறிப்போன அந்தப் பெண் தன் பழைய உருவத்தை ஒரு காட்சியிலாவது நினைத்துப் பார்க்கிறாளா என்று உங்கள் பிரதியைப் புரட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த எபியில் (அத்தியாயத்தில்) அதற்கு இடம் கொடுக்கலாம்.

இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியராவது. இந்தக் கட்டத்தில் விழும் பதில்களை மட்டும் இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் இங்கே தவறு பெரும்பாலும் நம்முடையது. என் கதையை எடுத்துக்கொள்கிறேன். மணிமேகலை பிழைத்து, பல ஆண்டுகள் கழித்துக் குந்தவையும் வந்தியத்தேவனும் கடம்பூருக்கு வருவதாக எழுதினேன். காட்சி கனமாகப் போகிறதே என்று பயந்து, குந்தவை வாயில் ஒரு கேலிப் பேச்சை வைத்தேன். மணிமேகலையின் பழைய பைத்தியத்தைத் தொட்டுச் செல்லும் ஒரு வரி, அதற்கு வந்தியத்தேவன் சிரிக்கிறான். என் மனத்தில் அது பழகிய தோழிகளின் உரிமைப் பேச்சு. வந்த பதில்களில் ஒன்று இன்றும் நினைவில் இருக்கிறது: ‘அவளுக்கு அவன் கிடைக்காததற்கு நான் அழவில்லை. அவள் அவனுக்காகப் பட்டதை அவனே சிரிப்பாக்கிவிட்டான், அதற்குத்தான் அழுகிறேன்.’ அதை எழுதியவர் இளையபிராட்டியைக் குறை சொல்லவில்லை. குந்தவை அப்படிப் பேசுகிறவள் அல்லள் என்பதில் உறுதியாக இருந்தார். ஆகவே கோபம் முழுவதும் என்மீது வந்தது, நியாயமாகவே வந்தது.

முக்கோணத்தில் ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும் என்பதை ரசிகர் புனைகதை வாசகர் ஒப்புக்கொண்டுதான் படிக்க வருகிறார். தோற்றவரை நீங்கள் மரியாதையோடு நடத்தினீர்களா என்பதைத்தான் அவர் கவனிக்கிறார். புதிய பாத்திரம் என்றால் இந்த உரிமை அவருக்குக் குறைவு. மணிமேகலை உங்களுடைய பாத்திரம் அல்லள். பாட்டி வீட்டுப் பரணில் இருந்த பைண்ட் செய்த கல்கி இதழ்களில், மணியம் வரைந்த படங்களோடு அவளைப் பன்னிரண்டு வயதில் சந்தித்த ஒருவர், உங்களுக்கு முன்பே அவளோடு நாற்பது ஆண்டு பழகியிருக்கிறார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை; சட்டப்படி உங்களை யாரும் தடுக்கப்போவதில்லை. அந்த வாசகரின் உறவு வேறு கணக்கு.

கதையை மாற்றலாமா என்ற கேள்வி இங்கேதான் எழ வேண்டும், முன்பே எழக்கூடாது. என் முடிவு இது: இழவுக்காகவும் வறுமைக்காகவும் கதையின் முடிவை மாற்ற வேண்டாம், எத்தனை பேர் கேட்டாலும் வேண்டாம். அசைவுக்காக ஒரு காட்சியைச் சேர்க்கலாம். இளிவுக்காகக் கட்டாயம் திருத்துங்கள், திருத்தியதை மறைக்காமல் அத்தியாயத்தின் தலையில் ஒரு வரி சொல்லியும் விடுங்கள். நான் அந்தக் கேலியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் குந்தவை பேச்சின்றி மணிமேகலையின் கையைப் பற்றிக்கொள்வதாக மாற்றினேன். முடிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை, வசை நின்றது, அழுகை அப்படியே இருந்தது.

பதிலைக் கதைக்கு வெளியே சொல்வதும் ஒரு வழி. தொடர் முடிந்தபின் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கல்கியே தனியாக ஒரு முடிவுரை எழுதி, யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கதையின் கடைசி அத்தியாயத்தை அவர் அதற்காகத் திருத்தவில்லை. நீங்களும் எல்லாப் பதில்களையும் தனித்தனியே எழுதிக் களைத்துப்போகாமல், திரும்பத் திரும்ப வரும் மூன்று நான்கு கேள்விகளை எடுத்து ஒரு பக்க அளவில் பின்னுரை போடலாம். அதில் உங்கள் பாத்திரங்களுக்கு வக்கீலாக நிற்காதீர்கள்.

கட்சி கட்டுதல் வரத்தான் செய்யும். குந்தவை அணியும் மணிமேகலை அணியும் ஒன்றையொன்று திட்டத் தொடங்கினால், நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். சொல்லாதீர்கள். வாசகர் ஒருவர் இன்னொரு வாசகரை இழிவாகப் பேசினால் மட்டும் தலையிட்டு, பெயர் சுட்டாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே சொல்லிவிடுவது பற்றி ஒரு சொல். 2009இல் தொடங்கிய ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ போன்ற ரசிகர் புனைவுத் தளங்களில், முக்கியப் பாத்திரம் இறக்கிறது என்றால் அதைக் கதையின் தலையிலேயே குறிக்க வேண்டும், அல்லது எச்சரிக்கை தரப்போவதில்லை என்பதையாவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தமிழில் பலர் இதைக் கதையின் சுவையைக் கெடுப்பதாக நினைக்கிறார்கள். ஆனால் மணிமேகலை இறப்பாள் என்று தெரிந்தேதான் பலர் ஐந்தாம் பாகத்தை ஏழாவது முறை படிக்கிறார்கள். தெரிந்ததால் அழுகை குறைவதில்லை. ‘இந்த அத்தியாயத்தில் துயரமான பிரிவு உண்டு’ என்ற ஒரு வரி, அன்றைக்கு அதைத் தாங்கும் மனநிலை இல்லாதவரை வேறொரு நாள் வரச்செய்யும்.

அரிதாக, ஒரு பதில் கதையைத் தாண்டியிருக்கும். மணிமேகலையைப் பற்றித் தொடங்கி, நான்காவது வரியில் எழுதுகிறவர் தம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளும் அதில் இருக்கலாம். அங்கே கதையாசிரியராகப் பேசுவதை நிறுத்திவிடுங்கள். தனிப்பட்ட விவரங்களைத் தோண்டாமல், அவர் எழுதியதைப் படித்தீர்கள் என்பதையும் அவருக்காக வருந்துகிறீர்கள் என்பதையும் சொல்லி, இந்தியாவில் இருப்பவர் என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசக் கிடைக்கும் டெலி மனஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416ஐக் கொடுத்து, அருகில் உள்ள ஒருவரிடம் இன்றே பேசச் சொல்லுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் இதைச் செய்யாமல், தனிச்செய்தியாக அனுப்புவதே முறை.

பதிலில் வாசகரை எப்படி அழைப்பது என்று குழம்ப வேண்டாம். அவர் ‘சிஸ்’ என்று எழுதியிருந்தால் நீங்களும் அப்படியே எழுதலாம். ‘ஆசிரியருக்கு வணக்கம்’ என்று தொடங்கும் பெரியவருக்கு அதே மரியாதையில் ‘ஐயா’ என்றோ ‘அம்மா’ என்றோ எழுதுங்கள். அழுதுகொண்டு எழுதியவருக்குச் சிரிப்பு முகப் பொம்மை போட வேண்டாம்.

இத்தகைய அத்தியாயத்துக்குப் பிறகு அடுத்த யூடிக்கு ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். அடுத்த எபியைக் கடம்பூரில் தொடங்காமல், ஈழத்திலோ நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திலோ, வேறு யாரோ வேறு எதற்கோ காத்திருக்கும் இடத்தில் தொடங்குங்கள். மணிமேகலையின் பெயர் அந்த அத்தியாயத்தில் ஒரு முறை வந்தால் போதும், அதுவும் குந்தவையின் வாயிலிருந்து.