வாய் வராத நாளில் தோத்திரம் சொல்வது எப்படி?

பாம்பன் பக்கம் பாசி எடுக்கிறவள் நான். மூன்று வருசத்துக்கு முன்னால், வாடைக்காற்று அடித்த ஒரு ராத்திரியில் எங்கள் வள்ளம் கயிறு அறுந்துபோய்ப் பாரில், அதாவது கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டில், மோதிப் பிளந்துவிட்டது. கடன் பாதிகூட அடையவில்லை. அந்த ஞாயிறு பூசையில் என் உதடு மட்டும்தான் பாடியது. அதற்கப்புறம் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் முறையிட்டுவிடுங்கள். வேதாகமத்தில் 13-ஆம் திருப்பாடல் ஆறே வசனம். எத்தனை நாளைக்கு என்னை மறந்திருப்பீர் என்று சண்டையில் ஆரம்பித்து, கடைசி வசனத்தில்தான் பாட்டுக்கு வருகிறது. 88-இல் அதுவும் கிடையாது, இருட்டோடு முடிந்துவிடும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே! நான் ஆளில்லாத கரையில் நின்று வாய்விட்டுக் கேட்பேன்: "ஆண்டவரே, நாளைக்கு வட்டிக்காரர் வருகிறார், நீர் எங்கே இருக்கிறீர்?" வட்டித் தொகையையும் சொல்வேன். அவருக்குத் தெரியாததா? சொல்லச் சொல்ல எனக்குத்தான் நெஞ்சடைப்பு குறையும்.

பிறகு தோத்திரம். "எல்லாத்துக்கும் தோத்திரம்" என்று மொத்தமாகச் சொன்னால் மனசு ஒட்டாது. அன்றைக்குக் கையில் அகப்பட்டதைச் சொல்லுங்கள். மரிக்கொழுந்துப் பாசி பாரில் ஒட்டி வளரும். விரலில் துணி சுற்றாமல் பிய்த்தால் தோல் கிழிந்துவிடும். கரையேறி அந்தத் துணியை அவிழ்க்கும்போது விரலுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீர் தெளிவாக இருந்தது, தோத்திரம். சொறிமீன் (ஜெல்லிமீன்) சுடவில்லை, தோத்திரம். மதினி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள், தோத்திரம். நாலு விரலோடு நின்றுபோகிற நாளும் உண்டு. மிச்சத்துக்கு இட்டுக்கட்டுவதில்லை.

வள்ளம் உடைந்ததற்கே தோத்திரம் சொல் என்றார் ஒருவர். என்னால் முடியவில்லை. பிலிப்பிச் சிறையில் நடுச்சாமத்தில் பாடிய பவுலும் சீலாவும் காலை மாட்டியிருந்த தொழுமரத்தையா புகழ்ந்தார்கள்?

தோத்திரம் சொல்கிறேன், பதிலுக்கு இதைத் தாரும் என்று ஆண்டவரிடம் பேரம் பேசாதீர்கள். வேர்க்காட்டுக் கோயில் புனிதர் சந்தியாகப்பருக்கு ஜூலைத் திருவிழாவில் நானும் நேர்ச்சை செலுத்துகிறவள்தான். அது வேறு கணக்கு.

ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குக் கூலிக்குப் போகும் என் வீட்டுக்காரரும் சும்மா இருப்பார். அப்போது தனியாகச் செபிக்கப் பார்க்காதீர்கள். எங்கள் தெருவில் ஐந்தாறு பேர் சாயங்காலம் செபமாலைக்குக் கூடுவோம். எனக்குத் தொண்டை அடைத்தால் பக்கத்து வீட்டு அக்கா என் முறையையும் சேர்த்துச் சொல்வார். நான் ஆமென் மட்டும் போடுவேன்.

வள்ளம் இன்னும் வாங்கவில்லை. இன்றைக்கு ஏழு விரல்.