கட்டைப் பிரித்துக் கழிப்போம்: வீட்டிலிருந்து விடைத்தாள் வரை

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால், பல நேரம் 35 என்று எழுதும். உடனே அதட்டிவிட வேண்டாம். 2-இல் 7 போகாதே என்று, 7-இல் 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறது. யோசித்துத்தான் செய்திருக்கிறது. எங்கே பிசகியது என்பதை அதன் கையாலேயே கண்டுபிடிக்க வைக்கலாம்.

முதலில் நோட்டை மூடி வையுங்கள். ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு வையுங்கள். உதிரியாக இரண்டு. இதுதான் 52. இதிலிருந்து 27 குச்சி எடுத்துத் தரச் சொல்லுங்கள். உதிரியில் ஏழு இருக்காது. பிள்ளை கொஞ்சம் விழிக்கும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலும் தானே ஒரு கட்டைப் பிரித்துவிடும். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழும் இரண்டு கட்டும் போனால் மீதி 25.

'பக்கத்தில் கடன் வாங்கு' என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். கடனை எப்போது திருப்பித் தருவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். 'கட்டைப் பிரி' என்றால், வந்தது ஒன்று அல்ல, பத்து என்பதும் சேர்ந்தே புரிகிறது.

இரண்டு மூன்று நாள் குச்சியோடு பழகியபின் 503 − 278 கொடுங்கள். நடுவில் பூஜ்யம் வந்தால்தான் பிள்ளைகள் திணறுவார்கள். இதற்குக் குச்சி போதாது; காகிதத்தில் 100, 10, 1 ரூபாய் என்று வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றி, அதில் ஒரு பத்தை ஒற்றை ரூபாய்களாக மாற்ற வேண்டும். ஆக 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று. விடை 225. பூஜ்யம் ஏன் 9 ஆனது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். சொல்லிவிட்டால் புரிந்துவிட்டது என்று பொருள்.

சரி, இனி விடைத்தாள். 'பள்ளியில் 503 பேர், அவர்களில் 278 பேர் சிறுமிகள், சிறுவர்கள் எத்தனை பேர்?' என்ற கணக்கை இப்படி எழுதப் பழக்குங்கள்:

மொத்தப் பிள்ளைகள் = 503
சிறுமிகள் = 278
சிறுவர்கள் = 503 − 278 = 225
விடை: 225 சிறுவர்கள்

எண்களை ஒன்றின்கீழ் ஒன்று, பத்தின்கீழ் பத்து என்று எழுதக் கட்டம் போட்ட நோட்டு உதவும். கழித்து முடித்ததும் 225 + 278 = 503 என்று கூட்டிப் பார்க்கட்டும். அரை நிமிட வேலைதான்.

அப்புறம், 'கூடுதல்' என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிடும் பழக்கம். 'அக்காவிடம் 12 மாம்பழம். அது தம்பியிடம் இருப்பதைவிட 5 கூடுதல். தம்பியிடம் எத்தனை?' இதற்கு 17 என்று விடை வரும். யாரிடம் அதிகம் என்று மட்டும் முதலில் கேளுங்கள். 'அக்காவிடம்' என்று சொன்ன பிள்ளை, 17-ஐத் தானே அடித்துவிட்டு 7 என்று எழுதும்.