ஆற்றோர ரயில் பாதை: கரையிலும் தடுப்புச்சுவரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்றையோ ஏரியையோ ஒட்டிச் செல்லும் ரயில் பாதைகளுக்குக் கரையும் தடுப்புச்சுவரும் வடிவமைக்கும் இளம் பொறியாளர்களின் கணக்குகளைச் சரிபார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் இப்போது மென்பொருள் வரைந்த அழகான படங்களோடு திரும்பி வருகின்றன. அலகு மாறிப்போவது, மண்ணைச் சரியாக இறுக்காமல் விடுவது போன்றவை எப்படியும் பிடிபட்டுவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ரயில் கரையை வெள்ளக் கரையாக நினைப்பது

ரயில் கரை சுமை தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. ஒரு பக்கம் நீரைத் தேக்கி நிறுத்துவதற்காக அன்று. நீர் அதன் மேல் வழிந்தால் முதலில் போவது ஜல்லி, அடுத்தது மறுபக்கச் சரிவு. 2023 டிசம்பர் பெருமழையில் ஸ்ரீவைகுண்டம் பகுதியில் ஜல்லியும் கரை மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் ஸ்லீப்பர்களோடு அந்தரத்தில் தொங்கிய படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2005 அக்டோபரில், இன்றைய தெலங்கானாவிலுள்ள வலிகொண்டா அருகே, ஏரி உடைந்து வந்த நீர் பாதையை அரித்துவிட, பயணிகள் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதைக்கு மேற்புறம் எத்தனை ஏரிகள் உள்ளன, அவை உடைந்தால் நீர் எங்கே வந்து முட்டும் என்று பார்க்காமல் பாலக் கண்களின் அளவை முடிவு செய்வது எனக்குப் புரியாத துணிச்சல்.

உச்ச வெள்ளத்துக்கு மட்டும் கணக்குப் போடுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். உச்ச வெள்ள மட்டத்தில் சுவரைச் சோதித்து, பாதுகாப்புக் காரணி (தாங்கும் விசை, தள்ளும் விசையைப்போல் எத்தனை மடங்கு என்பது) தேறிவிட்டது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். ஆனால் வெள்ளம் உச்சத்தில் நிற்கும்போது ஆற்று நீரே சுவரை முன்னாலிருந்து தாங்குகிறது. ஆற்றின் மட்டம் சில மணி நேரத்தில் இறங்கிவிடலாம். சுவருக்குப் பின்னால் நிரப்பிய மண்ணில் களி மிகுந்திருந்தால், அதற்குள் புகுந்த நீர் வெளியேற நாள்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் சுவர் சாய்கிறது.

கணக்கைப் பாருங்கள். 6 மீட்டர் உயரச் சுவர், பின்புற மண்ணின் உராய்வுக் கோணம் (துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் நிற்கும் திறனின் அளவு) 30 டிகிரி, எடை கனமீட்டருக்கு 1.8 டன், நீரில் ஊறினால் 2 டன் என்று வைத்துக்கொள்வோம். நீர் இல்லாத கோடையில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 11 டன் தள்ளுவிசை. இருபுறமும் நீர் உச்சி வரை நிற்கும்போது, நீரழுத்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, மிஞ்சுவது நீருக்குள் எடை குறைந்த மண்ணின் தள்ளுவிசை மட்டும், 6 டன். முன்புறம் நீர் வடிந்து, பின்புறம் அப்படியே தங்கினால் 24 டன். ரயிலின் சுமை இதில் சேரவில்லை. அடித்தளத்தின் கீழிருந்து நீர் மேல்நோக்கி உந்துவதால், சறுக்கலைத் தடுக்கும் உராய்வும் அதே நேரத்தில் குறைகிறது. மூன்று நிலைகளில் மிக எளிதானதைச் சோதித்துவிட்டு, மிகக் கடினமானதை விட்டுவிட்டால் அந்தச் சோதனைக்கு என்ன பொருள்?

ஒரு பணியிடத்தில், வெள்ளம் முழுவதும் அசையாமல் நின்ற சுவர், நீர் வடிந்த மறுநாள் நல்ல வெயிலில் ஆற்றுப் பக்கம் சாய்ந்தது. தண்டவாளம் மட்டம் இழந்து, ரயில்கள் அந்த இடத்தில் நெடுநாள் ஊர்ந்துதான் சென்றன. காரணம் ‘வெள்ளத்தின் வேகம்’ என்று அறிக்கையில் எழுதினார்கள். அடிமண்ணில் அரிப்பின் சுவடே இல்லாதபோது வேகம் என்ன செய்திருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது வீப் ஹோல்கள், அதாவது பின்புற நீர் வெளியேறச் சுவரில் விடும் துளைகள், வரிசை தவறாமல் இருந்தன. அவற்றின் பின்னால் வடிகட்டி அடுக்கு இல்லை, தோண்டி எடுத்த கரிசல் மண்ணையே நேராகக் கொட்டியிருந்தார்கள். சுவர் சாய்ந்த அன்று காலை பார்வையிட்டவர், துளைகளில் கசிவு எதுவும் இல்லை என்று நிம்மதியாகக் குறித்து வைத்திருந்தார். வெள்ளம் வடிந்த மறுநாள் வீப் ஹோல் காய்ந்து கிடந்தால், பின்னால் நீர் அடைபட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே, நீர் விரைவாக வடியும் நிலையைத் தனிச் சுமை நிலையாகச் சோதியுங்கள். துளைகள் அடைபட்டதாகவும் ஒருமுறை கணக்கிடுங்கள். சுவரின் முதுகில் 60 சென்டிமீட்டர் கல் நிரப்பும், அதற்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டியும் வேண்டும். அந்த வடிகட்டியின் 15 விழுக்காட்டுத் துகளளவு (எடையில் 15 விழுக்காடு அதைவிடச் சிறிய துகள்களாக இருக்கும் அளவு), பின்னுள்ள மண்ணின் 85 விழுக்காட்டுத் துகளளவைப்போல் 5 மடங்கைத் தாண்டினால் மண் கழுவிப் போகும். மென்பொருள் இதை நினைவூட்டாது.

கோடையில் போட்ட ஆய்வுத் துளையின் நீர்மட்டத்தை நம்புவது

நம்பாதீர்கள்.

கரையடியில் மண் எடுப்பது

கரையை உயர்த்த அதன் அடியையே தோண்டும் ஒப்பந்தக்காரரை அன்றே நிறுத்துங்கள்.

சுவரின் முன்புற மண்ணைக் கணக்கில் சேர்ப்பது

அந்த மண் தரும் எதிர்ப்பைச் சேர்த்தால்தான் சறுக்கலுக்கு எதிரான காரணி 1.5 வருகிறது என்றால், அரிப்பு ஆழத்தைக் கண்டறிந்து, அதற்குக் கீழே உள்ள மண்ணை மட்டும் சேருங்கள். மேலே உள்ளதை ஆறு எந்த மழையில் எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அப்போதும் காரணி வரவில்லையென்றால் அடித்தளத்தை அகலப்படுத்துங்கள், அல்லது ஆழப்படுத்துங்கள்.