கூன்முதுகுத் திமிங்கிலம் திரும்புவதைக் காணொளியில் கவனிப்பது எப்படி?

முதலில் வாலை விட்டுவிடுங்கள். மேலும் கீழும் அடித்து உடலை முன்னே தள்ளுவது அதன் வேலை. பார்க்க வேண்டியது முன்துடுப்புகளை. உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! வேறெந்தத் திமிங்கிலத்துக்கும் இவ்வளவு நீளம் கிடையாது.

காணொளியை மெதுவாக ஓட்டுங்கள். வளையும் விமானத்தைப் போல உடல் ஒருபக்கம் சாயும். துடுப்பில் எழும் தூக்குவிசை, அதாவது பாயும் நீர் துடுப்பைக் குறுக்கே தள்ளும் விசை, உடலை வளைவின் உட்பக்கம் இழுக்கும். முழங்கை மடங்குமா என்று தேடாதீர்கள், அசைவு தோள்மூட்டில்தான்.

துடுப்பை அளவுக்கு மீறிச் சாய்த்தால் நீரோட்டம் அதன் மேற்பரப்பிலிருந்து பிரியும், பிடி நழுவும். முன்விளிம்பிலுள்ள முண்டுகள் அதைத் தள்ளிப்போடுகின்றன. 2004இல் வெளியான காற்றுச்சுரங்கச் சோதனையில் (மாதிரியின் மேல் காற்றைப் பாய்ச்சிப் பார்ப்பது), முண்டுள்ள மாதிரித் துடுப்பு முண்டில்லாததைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல் சாய்வுக் கோணம் வரை தாங்கியது.