வகுப்பும் ஆய்வும் ஒரே கட்டத்தில்: கோயில் காட்டில் குவாட்ரட் அமைக்கும் முறை

நம் கல்லூரிகளில் தாவரச் சூழலியல் செய்முறை வகுப்பு பெரும்பாலும் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் குவாட்ரட் எனப்படும் சதுர இரும்புச் சட்டத்தை வீசி, அதற்குள் இருக்கும் அருகையும் கோரையையும் எண்ணி, பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. சட்டத்தை வீசுவது சமவாய்ப்பு மாதிரியெடுப்பும் அன்று. முள் இல்லாத பக்கமாகத்தான் எந்த மாணவரும் வீசுவார். அதே நேரத்தை ஒரு நிரந்தரக் கட்டத்தில், அதாவது எல்லை குறித்து மீண்டும் மீண்டும் அளக்கும் நிலப்பகுதியில், செலவிட்டால், ஆண்டுதோறும் மாறும் மாணவர்களைக் கொண்டே தொடர்ச்சியான ஆய்வுத் தரவைச் சேர்க்கலாம். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988-இல் தொடங்கிய 50 ஹெக்டேர் கட்டத்தில், தீயும் யானையும் சிறு மரங்களை எந்த அளவுக்கு அழிக்கின்றன என்பது மீண்டும் மீண்டும் அளந்ததால்தான் தெரியவந்தது. ஒரு கல்லூரித் துறைக்கு 50 ஹெக்டேர் தேவையில்லை. பத்து மீட்டர் பக்கமுள்ள சதுரங்கள் (பெரிய குவாட்ரட்டுகள்) பத்து, அதாவது 0.1 ஹெக்டேர், தொடங்குவதற்குப் போதும்.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய மாவட்டங்களில் உள்ள துறைகளுக்கு மிகப் பொருத்தமான இடம் கோயில் காடுகளே. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்னும் அரிய வகை, சமவெளியில் இன்று சிறு சிறு திட்டுகளாகப் பெரும்பாலும் அங்கேதான் எஞ்சியிருக்கிறது. வனத்துறைக்கு உட்பட்ட பகுதியானால் எழுத்து வழி அனுமதி பெற வேண்டும். ஊர்க் கோயிலானால் பூசாரியையும் ஊர்ப் பெரியவர்களையும் முதலில் கண்டு பேச வேண்டும். பல காடுகளில் செருப்புடன் நுழைவதும் கிளை ஒடிப்பதும் வழக்கமில்லை. ஆகவே மரத்தில் ஆணி அடிக்காமல், அலுமினியத் தகட்டில் எண்ணைப் பொறித்து, மரம் பருத்தாலும் இறுக்காதபடி தளர்வான கயிற்றில் கட்டுவதே முறை.

சதுரங்களின் இடத்தை வரைபடத்தில் கட்டங்கள் போட்டு, எண்களைக் குலுக்கியெடுத்து முடிவு செய்ய வேண்டும். காடு சிறியதென்றால் ஓரப்பகுதிக்கும் உட்பகுதிக்கும் தனித்தனியாகக் குலுக்குவது நல்லது. மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்பதை மூலைவிட்டத்தை அளந்து சரிபார்க்கலாம்: அது 14 மீட்டர் 14 சென்டிமீட்டர் வர வேண்டும். எல்லைக் கயிற்றின் மேல் நிற்கும் மரத்தின் அடிப்பகுதியில் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேர்க்க வேண்டும், இல்லையெனில் விட வேண்டும்.

மாணவர்கள் மிக அதிகமாகத் தவறுவது மரத்தண்டின் சுற்றளவை அளப்பதில்தான், ஆகவே இதற்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்குவது தகும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், சரிவான நிலமானால் மேட்டுப் பக்கத்திலிருந்து, நாடாவைத் தண்டுக்குச் செங்குத்தாகச் சுற்ற வேண்டும். கொடி பற்றியிருந்தால் நாடாவை அதற்கு அடியில் செலுத்த வேண்டும். அந்த இடத்தில் முடிச்சோ வீக்கமோ இருந்தால் சற்று மேலே அளந்து, அளந்த உயரத்தையும் குறிக்க வேண்டும்; அந்தக் குறிப்பு இல்லையேல் அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் வேறோர் இடத்தில் அளந்து, மரம் மெலிந்துவிட்டதாக எழுதிவைப்பார். இக்காடுகளில் மிகுதியாக உள்ள காயா மரம் பெரும்பாலும் ஒரே அடியிலிருந்து பல தண்டுகளாகக் கிளைத்து நிற்கும். ஒவ்வொன்றும் 31.4 செ.மீ. சுற்றளவுள்ள மூன்று தண்டுகளைக் கூட்டி 94.2 என்று எழுதினால் அடிப்பரப்பு (அளந்த உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு) ஏறத்தாழ 706 சதுர செ.மீ. ஆகிவிடும், தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் வருவது ஏறத்தாழ 235 மட்டுமே. பிழை மூன்று மடங்கு! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுவதைவிட மரத்தடியிலேயே போட வைத்தால் மாணவர்கள் மறப்பதில்லை.

அளவீட்டை ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் எடுக்க வேண்டும்; மழைக்காலத்தில் பட்டை ஈரத்தால் ஊதி, வளர்ச்சிபோலத் தோன்றும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பிப்ரவரி வாக்கில் செல்வது கல்லூரி நாட்காட்டிக்கும் ஒத்துவரும். பத்தில் ஒரு மரத்தை வேறொரு குழு முந்தைய அளவைப் பாராமல் மீண்டும் அளந்தால், நம் பிழை எவ்வளவு என்பது எண்ணாகவே கிடைக்கும்.

மரத்தை அடையாளம் காண்பதில் ஊராரின் பெயரையும் அறிவியல் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். வெறுமனே ‘பாலை’ என்று குறித்தால், நுனிப்பிளவுள்ள இலைகள் கிளை முனையில் கொத்தாக அமைந்த உலக்கைப்பாலையா, எதிரெதிர் இலைகளுள்ள வெட்பாலையா என்பது பின்னர் விளங்காது. பால் இரண்டிலும் வடியும். ஐயமானவற்றுக்கு உதிர்ந்த இலை, காய், ஒளிப்படம் ஆகியவற்றைச் சேகரித்து, திருச்சி ராபினாட் ஹெர்பேரியம் (உலர்தாவரச் சேகரிப்பகம்) போன்ற இடங்களில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிடலாம்.

ஓர் இனத்தின் சார்பு அடர்த்தி (மொத்த மரங்களில் அதன் விழுக்காடு), சார்பு நிகழ்வெண் (எல்லா இனங்களும் சதுரங்களில் தென்படும் மொத்தத் தடவைகளில் அதன் விழுக்காடு), சார்பு அடிப்பரப்பு (மொத்த அடிப்பரப்பில் அதன் விழுக்காடு) மூன்றையும் கூட்டிவரும் முக்கியத்துவ மதிப்புக் குறியீட்டை மாணவர்களே கணக்கிடட்டும். எல்லா இனங்களுக்கும் சேர்த்து 300 வராவிட்டால் எங்கோ பிழை. ஆய்வு வினாவில் மட்டும் ஆசிரியர் கண்டிப்பாக இருக்க வேண்டும். மேய்ச்சல் உள்ள காட்டில் நாற்றுகள் குறைவா என்று கேட்டால், மேய்ச்சல் உள்ள ஒரு காடும் அற்ற ஒரு காடும் போதா. ஒரே காட்டின் பத்துச் சதுரங்கள் பத்துக் காடுகள் ஆகா. போலிமறுசெய்கை என்னும் இப்பிழையைச் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இலேயே விரிவாக எடுத்துக்காட்டியும், இன்றும் ஆய்வேடுகளில் அது குறையவில்லை. பக்கத்துக் கல்லூரிகள் நான்கைந்து ஒரே முறையில் ஆளுக்கொரு காட்டை அளந்தால் இதற்கு வழி பிறக்கும்.

களத்தாள்களைப் பென்சிலால் எழுதவைத்து, அன்றே ஒளிப்படம் எடுத்து, துறையின் பெயரில் உள்ள கணக்கில் சேமிக்க வேண்டும். ஆசிரியரின் சொந்த மடிக்கணினியில் மட்டும் இருக்கும் தரவு அவர் பணிமாறும்போது அவரோடு போய்விடும். மரங்களின் பட்டியலைத் தமிழில் தட்டச்சிட்டு, ஒரு படியை ஊர்ப் பெரியவர்களிடமும் கொடுத்துவிட வேண்டும்.