எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி மருந்து ஆய்வுச் செய்திகளைப் படிப்பது எப்படி?

புதிய மருந்து ஒன்று எச்.ஐ.வி.யை வென்றுவிட்டது என்றோ, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி பற்றி இனிக் கவலையில்லை என்றோ செய்தி வரும்போது, தலைப்பைத் தாண்டிப் போய் முதலில் தேட வேண்டியது ஆய்வாளர்கள் எதை அளந்தார்கள் என்ற விவரத்தைத்தான். இரண்டு வைரஸ்களும் இரத்தத்தின் வழியே பரவக்கூடியவை. ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆனால் மருந்து வேலை செய்தது என்று சொல்வதற்கான அளவுகோல் இரண்டுக்கும் வேறு. இதைப் பிரித்தறியாமல் படிப்பவர், ஒன்றில் கிடைத்த வெற்றியை மற்றதிலும் எதிர்பார்த்து ஏமாற நேரிடும்.

ஹெபடைடிஸ் சி ஆய்வு என்றால், சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் கழித்து இரத்தத்தில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. இருந்ததா என்று பாருங்கள். மருத்துவர்கள் இதை எஸ்.வி.ஆர். 12 என்பார்கள். அந்தக் கட்டத்தில் வைரஸ் தென்படவில்லை என்றால் நோய் குணமாகிவிட்டதாகவே கொள்ளலாம். ஏனெனில் இந்த வைரஸ் மனித உயிரணுவின் மரபுப் பொருளுக்குள் தன்னைப் பதித்துக்கொள்வதில்லை. மாத்திரை முடிந்த அன்றே வைரஸ் இல்லை என்ற அளவோடு நிற்கும் செய்தியை அரைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், பின்னர் வைரஸ் திரும்புவோரும் இருப்பார்கள். எச்.ஐ.வி. இதற்கு நேர்மாறு. அது நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 உயிரணுக்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே புகுந்து பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே மீண்டும் பெருகத் தொடங்கும். ஆகவே எச்.ஐ.வி. ஆய்வுகள், மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே, பெரும்பாலும் 48-ஆவது வாரத்தில், வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கின்றன. எல்லைக்கோட்டை ஒரு மில்லிலிட்டருக்கு 50 பிரதிகள் என்று வைத்தார்களா, 200 என்றா, 1,000 என்றா என்பதையும் கவனியுங்கள். எல்லையைத் தளர்த்தினால் வெற்றி விகிதம் தானாகவே கூடிவிடும்.

இங்கே நடைமுறைக்கு உதவும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹெபடைடிஸ் சி குணமான பின்னும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் (ஆன்டிபாடி) இரத்தத்தில் நெடுங்காலம் இருக்கும். வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் எதிர்ப்புப் பொருள் பாசிட்டிவ் என்று வந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை, ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் உண்மை நிலையைச் சொல்லும். குணமானவருக்கு மறுபடியும் தொற்று வரலாம் என்பது வேறு விஷயம்.

அடுத்த கேள்வி, எதோடு ஒப்பிட்டார்கள் என்பது. சோஃபோஸ்புவிர், வெல்பாட்டாஸ்விர் என்ற இரண்டு ஹெபடைடிஸ் சி மருந்துகளையும் ஒரே மாத்திரையாக்கிச் சோதித்து 2015-இல் வெளியான ஆஸ்ட்ரல்-1 ஆய்வில், மருந்து பெற்ற 624 பேரில் 99 சதவீதத்தினருக்கு வைரஸ் நீங்கியது. வெற்று மாத்திரை பெற்ற 116 பேரில் ஒருவருக்கும் நீங்கவில்லை. நாட்பட்ட ஹெபடைடிஸ் சி தானாகப் போவது மிக அரிது என்பதை அந்தப் பூஜ்யமே காட்டிவிடுகிறது. தொற்று ஏற்பட்ட முதல் ஆறு மாதங்களிலோ நிலைமை வேறு: 100 பேரில் ஏறத்தாழ 15 முதல் 45 பேருக்குச் சிகிச்சையே இல்லாமல் வைரஸ் மறைந்துவிடும். புதிதாகத் தொற்றியவர்களை மட்டும் வைத்து, ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல், முப்பது சதவீதம் பேரைக் குணப்படுத்தினோம் என்று யாராவது சொன்னால், அதில் மருந்தின் பங்கு எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஒப்பீட்டுக் குழு இருந்தாலும் ஓர் ஆய்வோடு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்குச் சென்னையிலேயே பாடம் இருக்கிறது. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் பழையது. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், நோபல் பரிசு பெற்ற பிளம்பர்கோடு சேர்ந்து, ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லியை 30 நாட்கள் கொடுத்துப் பார்த்த முடிவை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது, வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது என்பது அந்த முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் ஆய்வைச் செய்தவர்களைக் குறைகூற இதில் ஒன்றும் இல்லை. சிறிய ஆய்வின் முடிவு வேறொரு கையில் மீண்டும் வருகிறதா என்று காத்திருப்பதே இத்துறையின் ஒழுங்கு. இன்னொன்று, அந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி பற்றியது. அதைக் காட்டி ஹெபடைடிஸ் சி-க்குக் கீழாநெல்லி போதும் என்று சொல்பவரிடம், இது எந்த வைரஸுக்கான ஆய்வு என்று கேட்டாலே போதும்.

எச்.ஐ.வி. பக்கம் வந்தால், சிகிச்சை ஆய்வா, தடுப்பு ஆய்வா என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில், சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில். சுனிதி பின்னர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பு, எச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வில் பங்கேற்றது. ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 1,763 இணையர்களிடம் நடந்த அந்த ஆய்வில், கூட்டு மருந்துச் சிகிச்சையை உடனே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-இல் தெரியவந்தது. அங்கே முதன்மையாக அளந்தது துணைக்குப் பரவியதா என்பதை. 2024-இல் வந்த லெனகாபவிர் ஊசிச் செய்தியும் அப்படித்தான்: ஆப்பிரிக்காவில் ஆண்டுக்கு இருமுறை அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அவர்கள் ஏற்கெனவே தொற்று இல்லாதவர்கள். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, இனி மாத்திரை வேண்டாம், ஊசி ஒன்று போதும் என்று தொற்றுள்ளவர் முடிவெடுத்தால் விளைவு விபரீதமாகும்.

ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்ற பத்தியைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் ஊருக்கு அதுவே மிக முக்கியமான பத்தி என்பேன். இங்கே எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோயும் சேர்ந்து வருவது அதிகம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடுவதால் டோலுடெக்ராவிரை நாளுக்கு இருவேளை கொடுக்க வேண்டியிருக்கிறது. சோஃபோஸ்புவிரோடு ரிஃபாம்பிசினைச் சேர்க்கவே கூடாது. எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கு வெல்பாட்டாஸ்விர் பொருந்தாது. ஹெபடைடிஸ் சி மருந்து எடுக்கும்போது உறங்கிக் கிடந்த ஹெபடைடிஸ் பி விழித்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. ஆகவே 99 சதவீதம் என்ற எண்ணைப் பார்க்கும்போது, உங்களைப் போன்ற ஒருவர் அந்த ஆய்வுக்குள் அனுமதிக்கப்பட்டிருப்பாரா என்று பாருங்கள்.

விலை பற்றிய செய்திகளில் ஆண்டைப் பாருங்கள், அது போதும். 2013 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் 12 வாரங்களுக்கு 84,000 டாலர் என்று விற்றது. அடுத்த ஆண்டே இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்தது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மையங்களில் ஹெபடைடிஸ் சி சிகிச்சை இலவசம்.

இனி, சென்னையில் நடக்கும் ஓர் ஆய்வில் சேர உங்களையே அழைத்தால் என்ன செய்வது? அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், பதிவாகியிருக்கிறதா என்று பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதன் இணையதளத்தில் சரிபாருங்கள். ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள், அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க அவகாசமும் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, புதிய மருந்தைச் சோதிக்கும் சில ஆய்வுகளில் ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிய வேண்டும், எச்.ஐ.வி., தொழுநோய் மருந்து ஆய்வுகளுக்கு மட்டும் குரல் பதிவே போதும் என்ற விலக்கு உண்டு. ஆகவே எச்.ஐ.வி. மருந்து ஆய்வில் கேமராவை நீட்டினால் நீங்கள் மறுக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவரை அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஆய்வுக்கு உட்படுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா, இடையில் விலகினால் பழைய சிகிச்சைக்குத் திரும்ப முடியுமா என்ற இரண்டையும் வாய்மொழியாகக் கேட்பதோடு விடாமல், படிவத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அரசின் எச்.ஐ.வி. சிகிச்சை மையமான ஏ.ஆர்.டி. மையத்தில் ஏற்கெனவே மருந்து வாங்குபவர், அங்குள்ள மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் சொல்லாமல் ஆய்வில் சேரக் கூடாது. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் அருகிலுள்ள நம்பிக்கை மையத்தையோ (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையோ அணுகலாம். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்று உங்களுக்குத் தரப்பட வேண்டும். ஆய்வில் பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவை அணுகுவதற்கான விவரம் அதில் இருக்கிறதா என்று அங்கிருந்து புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.