சாதி சொல்லி விரட்டினால் மனு எழுதுவது எப்படி?

கடலூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று வருகிறவர்களுக்கு நான் மனு எழுதிக் கொடுக்கிறேன். சாதிப் பிரச்சினை என்று வந்தால் முதலில் நான் கேட்பது, திட்டியவர் வாயில் வந்த வார்த்தை என்ன என்பதைத்தான். "இழிவாகப் பேசினார்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது போதாது. சொல்லக் கூசினாலும் அந்த வசவை அப்படியே எழுதுங்கள்.

அப்புறம் இடம். சாதிப் பேர் சொல்லித் திட்டியது, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நிற்க வேண்டுமானால், பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தது அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. ஆகவே வாசலா, தெருவா, டீக்கடையா, யார் காதில் விழுந்தது என்பதெல்லாம் வேண்டும். நடக்காத தெருவில் நடந்ததாக எழுதச் சொன்னால் பேனாவை மூடிவிடுவேன்.

சாதிச் சான்றிதழ் நகலோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். "விசாரிச்சுட்டுப் பார்க்கலாம்" என்றால், அதே சட்டத்தில் 2018-ல் சேர்த்த 18ஏ பிரிவைச் சொல்லுங்கள். எஃப்ஐஆர் போட முன்விசாரணை தேவையில்லை. புகார் வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீது கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள், அது எஃப்ஐஆர் ஆகாது. மறுத்தால் மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபால். உதவிக்கு 14566 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.

சரி, வாடகை வீடு? இங்கேதான் எனக்கே கை ஓடாது. மஞ்சக்குப்பத்தில் வீடு பார்க்கப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்பார்கள். பதில் சொன்னதும் "நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டோமே" என்பார்கள். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. எந்தப் பிரிவில் எழுதுவது? முஸ்லிம் குடும்பத்துக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைகொடுக்காது. அரசியல் சாசனத்தின் 15(2) கடை, ஹோட்டல், கிணறு, குளம் என்று அடுக்குகிறது. வாடகை வீடு அதில் இல்லை. திருநர்களுக்கு 2019-ல் வந்த சட்டம் வீடு மறுப்பதைத் தடை செய்தது, ஆனால் அதன் தண்டனைப் பிரிவில் வாடகைக்கு வீடு மறுப்பதைக் காணோம். எல்லாப் பாகுபாட்டுக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று எம்பி சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை.

அதற்காக எழுதாமல் விடாதீர்கள். புரோக்கர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காமல் பிரிண்ட் எடுத்து இணையுங்கள். கலெக்டருக்கு ஒன்று, நம் தொகுதி எம்பிக்கு ஒன்று. எம்பிக்கு எழுதுவதில் வீட்டுக்காரரைப் பற்றி இரண்டு வரி போதும். மீதியில், வாடகை மறுப்பைத் தண்டிக்கும் சட்டம் வேண்டும் என்று கேளுங்கள்.